வெப்பக் கேமராவுக்குத் தப்பும் வெள்ளிக் கம்பிகள்

டிவி ரிமோட்டின் முனையை உங்கள் வெப்கேமராவுக்கு நேராகக் காட்டி, ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் ஒரு புள்ளி மின்னலாம். (வடிகட்டி பொருத்திய கேமராக்களில் தெரியாது.) அதுதான் அகச்சிவப்புக் கதிர். 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது.

அப்படியானால் இந்தக் கேமரா இருட்டில் ஆளையும் காட்டுமா? காட்டாது. ரிமோட்டின் கதிர் சுமார் 0.94 மைக்ரான். நம் உடல் வீசும் கதிரோ 9, 10 மைக்ரான் அளவில்தான் உச்சம். ராணுவத்தின் வெப்பக் கேமராக்கள் பார்ப்பது 3-5, 8-14 மைக்ரான் பகுதிகளை.

அவற்றிடமிருந்து மறைய உலோகம் உதவும். தோலின் உமிழ்திறன் 0.98, பளபளப்பான அலுமினியத்துக்குச் சுமார் 0.05தான். ஆகவே சூடான உலோகமும் கேமராவுக்குக் குளிர்ந்ததுபோல் தெரியும். ஆனால் தகட்டை உடுத்த முடியுமா? வியர்வை போக வழியில்லையே!

இங்கேதான் நானோ வருகிறது. துணிமேல் வெள்ளி நானோகம்பிகளை வலைபோலப் பூசினால், இடைவெளி கதிரின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது; கதிர் திரும்பிவிடும், நீராவி நுழைந்துவிடும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் யீ சுய் குழுவினர் 2014-ல் இத்தகைய துணியை அறிவித்தனர், குளிருக்கு உடுத்துவதற்காக. மறைப்புக்கும் அதே தத்துவம்தான்.

ஒரு சிக்கல் உண்டு. வெப்பம் உள்ளேயே தங்கினால் வீரர் தளர்ந்துவிடுவார். உங்கள் சிபியுவைப் போர்வையால் மூடினால் என்ன ஆகும்? அதேதான்! எனவே ஆய்வாளர்கள், காற்றே பெருமளவு விழுங்கிவிடும் 5-8 மைக்ரான் பகுதியில் மட்டும் வெப்பத்தை வெளிவிடும் உலோக அடுக்குகளை உருவாக்குகிறார்கள். எனக்குப் பிடித்த தீர்வு இதுதான்: வெப்பமும் வெளியேறும், கேமராவுக்கும் தெரியாது.