வெண்ணெயில் ஏன் குழைக்கிறோம்?

மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, ஒரு நாளைக்கு 8 முதல் 10 தடவை பூசுகிறோம். ஆனால் மடி அம்மைக்கு அதே மஞ்சளை வெண்ணெயில் குழைக்கிறோம். ஏன் இந்த வித்தியாசம்னு என்னிடம் பலர் கேட்டதுண்டு.

காரணம் கொழுப்புதான். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில் கரையும். தண்ணீர்ப் பூச்சு காய்ந்து உதிர்ந்துவிடும். வெண்ணெய்ப் பூச்சு தோலில் ஒட்டி நின்று மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பால் என்பது தண்ணீரில் மிதக்கும் கொழுப்பு. வெண்ணெய் அதற்கு நேர்மாறு, கொழுப்புக்குள் சிக்கிய நீர்த்துளிகள். அதனால் இலைச்சாறும் அதற்குள் தங்கும். தொண்டை அடைப்பான் தடுப்பூசியில் எண்ணெய் சேர்ப்பதும் இதே கணக்குதான். ஊசி போட்ட இடத்திலேயே மருந்து தங்கி, மெதுவாக உடம்பில் சேரும்.

பேராசிரியர் புண்ணியமூர்த்தி எடுத்துச் சொன்ன, தேசிய பால்வள வாரியமும் பரப்பிவரும் மரபு மருத்துவ முறைகளில் இரண்டு இதோ.

மடி அம்மை, காம்பு வெடிப்பு

பூண்டு 5 பல், மஞ்சள்தூள் 10 கிராம், சீரகம் 15 கிராம், திருநீற்றுப்பச்சிலை ஒரு கைப்பிடி, வேப்பிலை ஒரு கைப்பிடி, வெண்ணெய் 50 கிராம்.

சீரகத்தை 15 நிமிடம் ஊறவைத்து, மற்றவற்றோடு நைசாக அரைக்கவும். கடைசியில் வெண்ணெய் சேர்த்து நன்றாகக் குழைக்கவும். உப்புப் போடாத வீட்டு வெண்ணெய் நல்லது. புண் ஆறும்வரை முடிந்தவரை பல தடவை பூசலாம்.

காம்படைப்பு

அன்றே பறித்த வேப்பிலை ஈர்க்கைக் கழுவி, காம்பின் நீளத்துக்கு நறுக்கவும். மஞ்சள்தூளை வெண்ணெய் அல்லது நெய்யில் குழைத்து ஈர்க்கு முழுவதும் தடவி, இடஞ்சுழியாகத் திருகி மெதுவாக நுழைக்கவும். ஒவ்வொரு முறை கறந்த பிறகும் புது ஈர்க்கு வைக்கணும். நெய் இருப்பதால் ஈர்க்கு உரசாது, மஞ்சளும் அடுத்த கறவை வரை உள்ளேயே நிற்கும்.

கவனிக்க வேண்டியவை

* கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் காம்பைத் தொடாதீர்கள். ஈர்க்கைப் பலவந்தமாகத் திணிக்க வேண்டாம்.
* பூச்சு கறந்த பிறகுதான். அடுத்த கறவைக்கு முன் வெதுவெதுப்பான நீரில் கழுவிவிடுங்கள்.
* அம்மை கண்ட மாட்டைக் கடைசியாகக் கறங்கள். கறப்பவர் கை வழியே அது மற்ற மாடுகளுக்கும் பரவும்.
* அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள்.
* மடி கல்லாக இறுகினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பாலில் ரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கவனிக்காமல் விட்ட ஒரு காம்பு, அந்த மாட்டின் ஆயுளுக்கும் பால் தராமல் போய்விடலாம்.