பூங்குழலி எந்த வகையினள்?

மனிதரை அகமுகர், புறமுகர் என இருவகையாகப் பிரித்தவர் சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் கார்ல் யுங். இதுபற்றிய அவர் நூல் 1921இல் வெளிவந்தது. தன் உள்ளத்துள் ஆழ்பவர் அகமுகர். வெளியுலகை நாடுபவர் புறமுகர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ (1950–54) புதினத்தில் வரும் கோடிக்கரை ஓடக்காரப் பெண் பூங்குழலியை இவ்வளவுகோலால் ஆராய்வோம்.

பூங்குழலி தனியே படகு செலுத்துகிறாள்; தனிமையில் பாடுகிறாள்; மனிதரைவிடக் கடலையே நேசிக்கிறாள். ஆகவே அகமுகர் எனலாம். ஆயினும் சேற்றுப் பள்ளத்தில் அமிழ்ந்த வந்தியத்தேவனைக் கரையேற்றியவள் அவளே. கொந்தளித்த கடலில் அவனையும் இளவரசர் அருள்மொழிவர்மரையும் காத்தவளும் அவளே. தயக்கம்தான் அகமுகரின் அடையாளம் என்றால், இவள் அக்கணக்கில் அடங்கவில்லை!

இதனை நாங்கள் நேரிலும் கண்டோம். எங்கள் வகுப்பில் ஒரு தோழிக்கு ‘ஊமை’ என்று பெயரிட்டிருந்தோம். ஒருநாள் மாலை தாம்பரம் ரயில் நிலையப் படிக்கட்டில் மூதாட்டி ஒருவர் மயங்கி விழுந்தார். வாயாடிகளாகிய நாங்கள் திகைத்து நின்றோம். ஓடிச்சென்று தாங்கியவள் அவளே. மறுநாள் அப்பெயரை எங்களால் சொல்ல முடியவில்லை.

இருவகை இயல்பும் எல்லாரிடமும் உண்டு, ஒன்று மிகுந்திருக்கும், அவ்வளவே என்பதே யுங்கின் கருத்து. ஒருத்தி எங்கே இளைப்பாறுகிறாள் என்பதை வகை காட்டலாம்; ஆபத்தில் என்ன செய்வாள் என்பதைக் காட்டாது. ஆதலின், தோழியரே, வகைகளைக் கற்போம். பிறருக்குப் பட்டம் சூட்டுவதை விடுவோம்.