ஊர்ப் பள்ளிக்கூடம் எப்படி? புதிதாகச் சேர்க்கும் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மகள் ஐந்தாம் வகுப்பு முடித்த ஏப்ரலில் எங்கள் தெருவில் ஆளாளுக்குக் கல்வி நிபுணர் ஆகிவிட்டார்கள். "கவர்மென்ட் ஸ்கூலா? வேணாங்க்கா, பசங்க சேர்க்கை சரியில்ல" என்றார் இஸ்திரிக்கடைக்காரர். அவர் பையன் படிப்பது பக்கத்து ஊர் மெட்ரிக்கில். "நான் அங்கதான் படிச்சேன், என்ன கெட்டுட்டேன்?" என்றார் பால்காரர். அவர் படிப்பை முடித்து இருபது வருடம் ஆகிறது. "அந்த ஹெட்மாஸ்டர் பிரம்பை எடுத்தா ஊரே அடங்கும்டி" என்றார் என் மாமியார். அந்த ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்று, காலமும் ஆகிவிட்டார்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடம் பள்ளி வாசலை மிதித்தவர் அந்த மூவரில் ஒருவர்கூட இல்லை. மகள் இப்போது பத்தாம் வகுப்பு. யாரிடம், எதை, எப்படிக் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தாமதமாகப் புரிந்ததை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: போர்டைப் படியுங்கள்

ஊர் 'கவர்மென்ட் ஸ்கூல்' என்று சொல்வதெல்லாம் அரசுப் பள்ளி அல்ல. உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தாம் வகுப்போடு முடியும், மேல்நிலைப் பள்ளி என்றால் பன்னிரண்டு வரை. இது பலருக்குத் தெரியும். 'அரசு உதவி பெறும்' என்ற மூன்று சொற்களைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்தச் சொற்களுக்கு விலை உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-ல் அது வந்தது. பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இந்தக் கணக்கில் சேரும். உதவி பெறும் பள்ளி சேராது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-ல் தொடங்கியது. இந்த இரண்டில் மட்டும் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இடம் உண்டு.

ஆகவே ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு பன்னிரண்டாம் வகுப்பு வரை கூடவே வரும். "எட்டு வரைக்கும் அங்க படிக்கட்டும், அப்புறம் இங்க மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 2: கருத்துக்கு வயது கேளுங்கள்

யார் என்ன சொன்னாலும் உடனே திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி, "இது எந்த வருஷங்க?" என்பதுதான். அரசுப் பள்ளியில் ஆசிரியர் மாறுதல் கலந்தாய்வு ஒன்று நடந்தால் போதும், ஜூனில் பள்ளியின் முகமே மாறிவிடும். நல்ல கணக்கு ஆசிரியர் கிளம்பிவிடுவார். வேறு மாவட்டத்திலிருந்து ஒரு தலைமையாசிரியர் வந்து, இரண்டே மாதத்தில் சுற்றுச்சுவர் ஓரத்துப் புதரை வெட்டிவிடுவார். ஊரின் கருத்து மட்டும் பத்து வருடத்துக்கு முந்தைய இடத்திலேயே நிற்கும்.

தேர்வு முறையும் அப்படித்தான். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பது 2017-ல் நின்றது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2017-18-ல் வந்து, 2025-26 முதல் போய்விட்டது. அந்தத் தேர்வு வந்ததற்கே காரணம், பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் நேராக பிளஸ் டூவுக்குத் தாவியதுதான். இனி "பிளஸ் ஒன் பாடம் நடக்குதா?" என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, 'பசங்க சேர்க்கை சரியில்ல' என்ற வாக்கியம். இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் அதன் பொருள் பிள்ளைகளின் நடத்தையே அல்ல. எந்தத் தெருப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள் என்பதுதான். "என்ன செஞ்சாங்க? நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஒரு சம்பவமாக வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். "அதான் தெரியுமே" என்ற இழுப்பாக வந்தால் விட்டுவிடலாம்.

அதற்காகச் சாதியே பள்ளிக்குள் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீட்டில் புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது அதன் பரிந்துரைகளில் ஒன்று. வாசலில் நிற்கும்போது மணிக்கட்டுகளையும் பாருங்கள்.

படி 3: நாலேகால் மணிக்கு வாசலில் நில்லுங்கள்

எதிரில் இருக்கும் டீக்கடையிலேயே உட்காருங்கள். மூன்று நாள் போதும், அதில் ஒரு நாள் திங்களாக இருக்கட்டும். மணி அடித்ததும் பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள் என்று பாருங்கள். மிதிவண்டி நிறுத்துமிடத்தில் ஆசிரியர் யாராவது நிற்கிறாரா? பெண் பிள்ளைகள் பேருந்து வரும் வரை எங்கே ஒதுங்குகிறார்கள்?

கூட்டிப்போக வரும் அம்மாக்களிடம் பேச்சுக் கொடுங்கள். "ஸ்கூல் எப்படிக்கா?" என்று கேட்டால் "பரவால்ல" என்ற ஒரே பதில்தான் வரும். அது எதற்கும் உதவாது. நான் பிற்பாடு கற்றுக்கொண்ட கேள்விகள் வேறு மாதிரி:

"கடைசியா ஸ்கூல்லேருந்து எதுக்குப் போன் பண்ணாங்க?" பிள்ளை வராததற்குப் போன் வந்தது என்றால் நல்ல சேதி. போனே வந்ததில்லை என்றால் யோசியுங்கள்.

"டியூஷன் எதுக்கெல்லாம் போவுது?" எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடத்துக்கு டியூஷன் போனால் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, அல்லது இருந்தும் பிரயோசனம் இல்லை.

"யாரு பிள்ளையாவது டி.சி. வாங்கிட்டுப் போச்சா?" பிள்ளையை அழைத்துக்கொண்டு போன பெற்றோரைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள் சொல்வதில் கோபம் இருக்கும், ஆனால் பள்ளியைத் திட்டவட்டமாகக் குறை சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். எங்கள் ஊரில் அப்படி ஒரு அம்மா எனக்குச் சொன்னது ஒரே வரி: "பாத்ரூம் சாவி ஆபீஸ்ல இருக்கும், கேட்டு வாங்கணும்." எட்டாவது படிக்கும் பெண் எழுத்தரிடம் போய்ச் சாவி கேட்பாளா? தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவாள். நூறு சதவீதத் தேர்ச்சி போட்ட அந்தப் பள்ளியின் பேனரில் இந்தச் செய்தி இல்லை.

படி 4: பிள்ளைகளிடம் கேளுங்கள், நோட்டையும் கேளுங்கள்

இது சற்றுப் பதமாகச் செய்ய வேண்டிய வேலை. முன்பின் தெரியாத பிள்ளையை வழிமறித்து விசாரிக்கக் கூடாது. உறவிலோ தெருவிலோ அங்கே படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் பேசுங்கள், முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு பேசினால் இன்னும் நல்லது. ஒரு ஏழாவது, ஒரு ஒன்பதாவது, ஒரு பிளஸ் டூ என்று மூன்று பேர் கிடைத்தால் போதும்.

பிள்ளைகளுக்குக் 'கருத்து' கேட்டால் கூச்சம் வரும், 'நேற்று' கேட்டால் கொட்டிவிடுவார்கள். "நேத்து மூணாவது பீரியட் என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். "சும்மா உக்காந்திருந்தோம் ஆன்ட்டி, சார் மீட்டிங்" என்று வரலாம். ஒரு நாள் அப்படி என்றால் பரவாயில்லை, வாரத்தில் மூன்று நாள் என்றால் பிரச்சினை. "கெமிஸ்ட்ரிக்கு பி.டி.ஏ. டீச்சர்" என்றால், நிரந்தரப் பணியிடம் காலியாக இருக்கிறது, பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் கொடுத்துத் தற்காலிகமாக ஒருவரை வைத்திருக்கிறது என்று பொருள். அப்படி வருபவர்களில் அருமையாக நடத்துபவர்கள் உண்டு. ஆனால் அவர் அடுத்த வருடமும் இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது.

"மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிடுவீங்க?" என்றும் கேளுங்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளும் டப்பா கொண்டுவரும் பிள்ளைகளும் ஒரே மரத்தடியில் உட்காருகிறார்களா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

அடுத்தது நோட்டு. பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண் எனக்குத் தன் நோட்டுகளைக் காட்டினாள். கணக்கு நோட்டு நுனி மடங்கி, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக்கும் தேதியும். ஓரிடத்தில் 'படிகளை எழுது' என்று ஆசிரியர் எழுதியிருந்தார், அடுத்த பக்கத்தில் அவள் படிகளை எழுதியிருந்தாள். ஆங்கில நோட்டில் ஆகஸ்ட் 19-க்குப் பிறகு சிவப்பு மையே இல்லை. நான் பார்த்தது ஜனவரியில். தலைமையாசிரியரும் டீக்கடையும் அரைமணி நேரம் பேசியதைவிட அந்த இரண்டு நோட்டுகள் எனக்கு அதிகம் சொல்லின. என் மகளை அங்கே சேர்த்ததற்கு அந்தக் கணக்கு நோட்டு ஒரு காரணம். ஆங்கிலத்துக்கு நானே மாலையில் உட்கார வேண்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டேன்.

பெற்றோரும் பிள்ளையும் ஒரே விஷயத்தை எதிரெதிராகச் சொல்வது இங்கே வழக்கம். "ரொம்பக் கண்டிப்பான ஸ்கூல்" என்று அம்மா பெருமையாகச் சொல்லும்போது பையன் தரையைப் பார்த்தால், அடி விழுகிறது என்று புரிந்துகொள்ளலாம். பிள்ளையை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடை செய்துவிட்டது. இந்த இடத்தில் நான் பையன் பக்கம்தான்.

படி 5: சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள்

'100% தேர்ச்சி' என்ற ஃபிளெக்ஸைப் பார்த்ததும் இரண்டு எண்களைக் கேளுங்கள். போன வருடம் ஒன்பதாவதில் எத்தனை பேர்? இந்த வருடம் பத்தாவது எழுதியது எத்தனை பேர்? உதாரணத்துக்கு, 64 பேர் இருந்து 51 பேர் எழுதியிருந்தால் மீதி 13 பேர் எங்கே? சிலர் ஊர் மாறியிருக்கலாம், சிலர் வேலைக்குப் போயிருக்கலாம், ஒரு பெண்ணுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கலாம். சிலரை 'இவன் தேறமாட்டான்' என்று டி.சி. கொடுத்து அனுப்பியிருக்கவும் கூடும். வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

மெல்லக் கற்கும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்து, 88 சதவீதம் காட்டும் பள்ளிதான் என் கணக்கில் மேல்.

மேல்நிலைப் பள்ளி என்றால் எந்தெந்த குரூப் இருக்கிறது என்று கேளுங்கள். உயிரியல் வேண்டும் என்ற பிள்ளைக்கு வணிகவியல் மட்டுமே உள்ள பள்ளியால் பயனில்லை.

படி 6: கேட்டதைக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள்

ஒவ்வொரு பள்ளிக்கும் யு-டைஸ் எனப்படும் 11 இலக்க எண் உண்டு. அதை வைத்து ஒன்றிய அரசின் யு-டைஸ் தளத்தில் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கையையும் கழிப்பறை, ஆய்வக விவரத்தையும் பார்க்கலாம். ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு. காகிதத்தில் ஆறு கழிப்பறை என்று இருக்கும், அவற்றில் எத்தனை திறந்திருக்கின்றன என்பதைப் படி 3-ல் சந்தித்த அம்மாக்கள்தான் சொல்வார்கள்.

படி 7: உள்ளே போங்கள்

வேலைநாளில் காலை பிரார்த்தனை முடிந்த பிறகு போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். குறை சொல்ல வந்தவர் மாதிரிப் போகாதீர்கள். "சார், எந்தெந்தப் பாடத்துக்கு டீச்சர் இல்ல?" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பாமல் பதில் சொல்பவர் நம்பத் தகுந்தவர். எங்களுக்கு வாய்த்தவர் "வேதியியல் காலி, ஓவியம் காலி" என்று உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

படி 8: சேர்த்த பிறகு, உங்கள் கருத்துக்கும் இடம் உண்டு

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். இது சட்டம். தமிழ்நாட்டில் குழுத் தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'நாமதான் பி.டி.ஏ.வுல இருக்கோமே' என்று கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆசிரியர் அறைக்கு நேர் எதிரே தொங்கினால் எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது. பள்ளிக்குள் தீராத விஷயங்களுக்கு 14417 என்ற கல்வித் துறை உதவி எண் உண்டு. பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

பாத்ரூம் சாவி விஷயத்தை நான் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில்தான் எழுப்பினேன். முதல் கூட்டத்தில் "பசங்க உடைச்சுடுவாங்க" என்றார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு ஏழு அம்மாக்களோடு போனேன். தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நாலாவது மாதம் பூட்டை எடுத்துவிட்டு உள்தாழ்ப்பாள் வைத்தார்கள். ஒரு தாழ்ப்பாள் இரண்டு முறை உடைந்தது, இரண்டு முறையும் மாற்றியாகிவிட்டது. வேதியியல் பணியிடம் இன்னும் காலிதான். அடுத்த கூட்டம் இந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு.