இணையதளத்தில் எல்லோருக்கும் வழி

பட்டா நகல், வருமானச் சான்று முதலியவற்றுக்காக முன்னர் தாலுகா அலுவலகத்தின் படியேறிய குடியானவர்கள், இன்று அவற்றுள் பலவற்றை இணையதளத்தின் வாயிலாகவே பெறுகின்றனர். ஆகவே இணையதளமும் ஓர் அலுவலகமே ஆகும். அலுவலகத்தில் மனு வாங்குமிடம் இன்று முன்வாசலிலும் நாளை கொல்லைப்புறத்திலும் இருக்குமாயின் வருவோர் திகைப்பர் அல்லவா? இணையதளத்திலும் அவ்வாறே. முதற்பக்கத்தில் மேலே இருந்த ‘மனுக்கள்’ என்னும் இணைப்பு அடுத்த பக்கத்தில் கீழே போய்விடுவதும், அதுவே வேறொரு பக்கத்தில் ‘விண்ணப்பங்கள்’ எனப் பெயர் மாறுவதும் குழப்பத்தையே விளைவிக்கும்.

கண்பார்வை உள்ளவர் ஒரே நோக்கில் பக்கம் முழுவதையும் பார்த்து வேண்டியதைக் கண்டுகொள்வார். பார்வையற்றவருக்கு அவ்வசதி இல்லை. திரைவாசிப்பான் என்னும் மென்பொருள், பக்கத்தில் உள்ளவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அவருக்குப் படித்துக் காட்டுகிறது. ‘மூன்றாவதாக வருவது மனுக்கள்’ என்று அவர் வரிசையை மனத்தில் பதித்துக்கொள்கிறார். வரிசை மாறாதிருப்பின் எந்தப் பக்கத்திலும் விரைந்து செல்வார்; மாறுமாயின் மீண்டும் முதலிலிருந்து கேட்டுவர வேண்டும். இதனால் மனுச் செய்யும் கடைசி நாள் தவறிப்போகலாம். அல்லது ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் பிறரிடம் கூறி உதவி கேட்க நேரிடலாம்.

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் நூற்றுக்கு 69 பேர் கிராமவாசிகள். எனவே இது பெரும்பாலும் கிராமத்தின் பிரச்சினையே.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட நெறிமுறைகள், பல பக்கங்களில் திரும்ப வரும் இணைப்புகள் ஒரே வரிசையில் அமையவேண்டும் என்றும், ஒரே பணிக்குரியவை ஒரே விதமாகக் குறிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகின்றன. உதவி பெறும் வழியும் எல்லாப் பக்கங்களிலும் அதே வரிசையில் வரவேண்டும் என்பது 2023-இல் சேர்க்கப்பட்டது.

ஊராட்சிக்கோ ஒன்றியத்துக்கோ இணையதளம் அமைத்துத் தருவோரிடமிருந்து அதனை ஏற்கும் முன், அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைச் சோதித்தல் நலம்:

1. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இணைப்புகளின் வரிசையும் பெயரும் மாறாதிருக்கின்றனவா?

2. மவுஸைத் தொடாமல், டேப் விசையையும் என்டர் விசையையும் கொண்டே வேண்டிய இணைப்பைத் திறக்க முடிகிறதா?

3. அறிவிப்புகள் யூனிகோடு எழுத்தில் உள்ளனவா? காகிதத்தைப் படம்பிடித்து ஏற்றினால் திரைவாசிப்பான் அதனைச் சரிவரப் படிக்க இயலாது.

4. எழுத்தின் நிறம் பின்னணியினின்று தெளிவாக வேறுபடுகிறதா? வெள்ளையின்மேல் வெளிர்சாம்பல் எழுத்து முதியோர் கண்ணுக்குத் தெரியாது.

5. ஊரிலுள்ள பார்வையற்றவர் ஒருவர், பிறர் துணையின்றி ஒரு மனுவை நிரப்பி முடிக்கிறாரா?

இது கருணையினால் செய்யும் உதவியன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, மின்னணு ஊடகச் செய்திகள் அவர்களுக்கு எட்டும் வடிவில் இருக்கச் செய்வதை அரசின் கடமையாக்குகிறது. மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பளித்துள்ளது.

இணைப்புகளை ஒரே வரிசையில் அமைப்பதற்குத் தனிச் செலவு ஏதும் இல்லை. தொடக்கத்திலேயே திட்டமிட்டால் போதும். தளத்தை ஏற்குமுன் இவ்வைந்து கேள்விகளையும் கேட்பது அங்கத்தினர்களின் பொறுப்பாகும்.