தேங்காய்த் தொட்டியில் பட்டன்

காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்த் தொட்டிக்குப் பஞ்சமில்லை. கொப்பரைக் களங்களில் குவிந்து கிடக்கும். பெரும்பாலும் கரிச் சூளைக்குப் போய்விடும். அதில் ஒரு சாக்கு வாங்கிப் பட்டன் செய்து பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன வார்னிஷ் அடிக்கறீங்க?" என்பதுதான். நான் வார்னிஷே அடிப்பதில்லை. பிளாஸ்டிக் வேண்டாம் என்று தொட்டிக்கு வந்துவிட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு எதற்கு?

பட்டன் தேறுமா தேறாதா என்பது தொட்டியைப் பொறுக்கும்போதே பாதி தெரிந்துவிடும். முற்றிய காயின் தொட்டி வேண்டும். கொப்பரைக்கு உடைத்தது என்றால் வெயிலில் காய்ந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியிருக்கும். சமையலுக்கு உடைத்த ஈரத் தொட்டியை உடனே வெட்டினால் பிறகு கோணிக்கொள்ளும். வெளிறிய இளந்தொட்டி, கண் இருக்கும் பக்கம், கீறல் விழுந்த இடம் மூன்றையும் கழித்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. தையல் தொழிலில் பட்டனை 'லைன்' கணக்கில் சொல்வார்கள். 40 லைன் ஓர் அங்குலம். சட்டைக்கு 18 லைன், அதாவது சுமார் பதினொன்றரை மில்லிமீட்டர். தொட்டியோ உருண்டை. 10 செ.மீ. விட்டமும் 4 மி.மீ. தடிமனும் உள்ள தொட்டியில் 15 மி.மீ. வட்டம் வெட்டி இருபுறமும் தேய்த்துச் சமமாக்கினால் ஏறக்குறைய மூன்றரை மி.மீ. மிஞ்சும். அதே தொட்டியில் 25 மி.மீ. வெட்டினால் இரண்டரைகூடத் தேறாது. கோட்டுக்குப் பெரிய பட்டன் கேட்டு வருபவர்களிடம் நான் முடியாது என்று சொல்லிவிடுவேன். சின்னப் பட்டனில்தான் தொட்டிக்கு மரியாதை.

வட்டம் வெட்ட, டிரில் மெஷினில் மாட்டும் ஹோல் சா போதும். வேகத்தைக் குறைத்து வையுங்கள். கருகல் வாடை வந்தால் விளிம்பு தீய்கிறது என்று அர்த்தம். தூசி மிக நைசாகப் பறக்கும். முகக்கவசம் இல்லாமல் உட்காரவே கூடாது.

துளைக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். பட்டனுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்துத் துளையுங்கள், இல்லாவிட்டால் மறுபக்கம் சில்லு பெயரும். துளை போட்டதும் அதன் வாய் கூர்மையாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. திருப்பூரில் எனக்குத் தெரிந்த தையல்கார அக்கா ஒருவர் பட்டனை வாங்கியதும் பளபளப்பைப் பார்க்க மாட்டார். துளைக்குள் நூலைக் கோத்து முன்னும் பின்னும் பத்து இழுப்பு இழுப்பார். நூலில் பிசிர் எழுந்தால், "இது ரெண்டு துவைக்குக்கூட தாங்காதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். பெரிய டிரில் பிட்டின் நுனியைத் துளையின் வாயில் வைத்துக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றினால் கூர் போய்விடும். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். பலர் முதுகுப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

தேய்ப்பதற்கு 120-ல் தொடங்கி 220, 400 என்று உப்புத்தாளை மாற்றிக்கொண்டே போகலாம். பிறகு வெந்நீரில் ஊறப்போடுங்கள். தண்ணீர் பழுப்பாக இறங்கும், தெளியும்வரை மாற்றுங்கள். ஈரமான வெள்ளைத் துணியில் ஒன்றைச் சுற்றி ஓர் இரவு வைத்துப் பார்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். வெள்ளைச் சட்டைக்கு இந்தச் சோதனையைத் தவிர்க்கவே முடியாது.

நிழலில் நன்றாகக் காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெய் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது. அது காயாமல் நின்று துணியில் கறையாக இறங்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள். எண்ணெய் இறுகியபின் தேன்மெழுகை லேசாகத் தேய்த்தால் முடிந்தது.

விற்கிறவர்களுக்கு ஒன்று. ஒரு சட்டைக்கான பட்டன் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் எடுத்து, கூடவே இரண்டு உபரியும் கொடுங்கள். வேறு தொட்டியில் எடுத்தால் நிறம் ஒட்டாது. சட்டையை நெடுநேரம் ஊறவைக்க வேண்டாம், இஸ்திரிப் பெட்டியைப் பட்டன்மேல் அழுத்த வேண்டாம் என்று சீட்டிலும் எழுதிவிடுங்கள்.