ஆன்டிபாடி வாங்கப் போகும் தங்கைக்கு

விழுப்புரத்தில் ஒரு சின்ன ஆய்வகத்தில் சேர்ந்திருக்கும் என் தங்கை போன வாரம் திண்டிவனம் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, கோஃபிலின் புரதத்துக்கு ஆன்டிபாடி வாங்கணும், எதைப் பார்த்து வாங்கறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னது இது.

கேட்டலாக்கில் பளபளவென்று இருக்கும் படத்தைப் பார்த்து மயங்காதே. கோஃபிலின் ஜீனை நீக்கிய மனித செல்லில் வெஸ்டர்ன் பிளாட் பட்டை மறைந்துபோனதா என்று தேடிப் பார். கோஃபிலின்-1, கோஃபிலின்-2, டெஸ்ட்ரின் மூன்றும் அக்காள் தங்கை மாதிரி ஒரே சாயல். ஒன்றுக்கென்று விற்பது மற்றதையும் பிடித்துக்கொள்ளும். புரதத்தின் எந்தத் துண்டைக் கொடுத்து அந்த ஆன்டிபாடியை உண்டாக்கினார்கள் என்று டேட்டா ஷீட்டில் பார். அதற்கு மேலும் உன் செல்லிலேயே கோஃபிலினைக் குறைக்கும் எஸ்ஐஆர்என்ஏ போட்டு, பட்டை மங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடு. புனே என்சிசிஎஸ்ஸிலிருந்து வந்த ஹீலா செல்லே இதற்குப் போதும்.

கோஃபிலின் சுமார் 19 கிலோடால்டன்தான். 15% ஜெல் போடு, 0.2 மைக்ரான் மெம்பரேன் எடு. 0.45-இல் சின்னப் புரதம் ஊடுருவிப் போய்விடும். ஃபிலமின்-ஏ நேர் எதிர். 280 கிலோடால்டன் என்பதால் ஜெல் நீர்த்திருக்க வேண்டும், டிரான்ஸ்ஃபர் நேரமும் கூட வேண்டும். லோடிங் கன்ட்ரோலுக்கு எல்லோரும் பீட்டா-அக்டின் வைக்கிறார்கள். அக்டினையே கலைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு அக்டினை அளவுகோலாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜிஏபிடிஎச் வை.

செரின்-3 இடத்தில் பாஸ்பேட் ஏறினால் கோஃபிலின் அக்டினைப் பிடிக்காது. அந்த வடிவத்தைத் தேடும்போது பால் பவுடரில் பிளாக் செய்யாதே. பாலின் கேசினிலேயே பாஸ்பேட் இருப்பதால் பின்னணி கறுத்துவிடும். பிஎஸ்ஏ போடு.

நுண்ணோக்கியில் பார்ப்பதில் நான் அழுத கதை ஒன்று உண்டு. ஆல்பா-ஆக்டினின் ஆன்டிபாடிக்கு மெத்தனால் ஃபிக்ஸிங் நன்றாக வேலை செய்தது. அதே ஸ்லைடில் அக்டின் இழையைப் பிடித்து ஒளிரும் ஃபாலாய்டின் போட்டேன், ஒரு இழைகூட ஒளிரவில்லை. மூன்று வாரம் நுண்ணோக்கியைக் குறை சொன்னேன். மெத்தனால் அக்டின் இழையின் வடிவத்தையே குலைத்துவிடுவதால் ஃபாலாய்டினுக்குப் பிடிக்க இடமில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் 4% பாராஃபார்மால்டிஹைட், பிறகு 0.1% டிரைட்டான். அந்த ஆன்டிபாடி இதற்கு ஒத்துவருமா என்பதை வாங்கும் முன்பே கேள். ஒரே ஸ்லைடில் இரண்டு முயல் ஆன்டிபாடிகளையும் போடாதே, செகண்டரி ஆன்டிபாடிக்கு எது எதுவென்று தெரியாது.

நம்ம ஊர் மே வெயிலில் பார்சல் கூரியர் ஆபீஸில் ஞாயிற்றுக்கிழமை கிடக்கக் கூடாது. வாரத் தொடக்கத்தில் கிளம்பும்படி ஆர்டர் போடு. வந்ததும் கிளிசரால் கலக்காததை 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து உறைய வை. திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் ஆன்டிபாடி கெடும். கரண்ட் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்காதே, உள்ளே எப்போதும் ஐஸ் பேக் இருக்கட்டும்.

லாட் எண்ணை நோட்டில் எழுதி வை. புதுக் குப்பி வந்ததும் பழையதோடு பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பார். அதற்குப் பழையதில் கொஞ்சம் மிச்சம் வேண்டும், தீரும் முன்பே ஆர்டர் போட்டுவிடு.