பார்வையற்றோருக்குப் பேசும் கணினி

பஞ்சாயத்தின் வரவு செலவுக் கணக்கைப் பார்வையற்ற ஓர் உறுப்பினர் பிறர் துணையின்றித் தாமே படித்தறியக் கூடுமா? கூடும். 2025ஆம் ஆண்டில் தமிழ்நாடு சட்டப்பேரவை, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. ஆகவே இக்கேள்வி இன்று ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் உரியதாகும்.

திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றி ஒலிக்கும் மென்பொருள்களுள் ஒன்று என்.வி.டி.ஏ. என்பது. பார்வையற்றவரான ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டில் இதனை உருவாக்கத் தொடங்கினார். இதற்கு விலையில்லை, தமிழிலும் பேசும்.

நிறுவும் முறை

1. விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், விண்டோஸ், என்டர் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. கணினியிலேயே அமைந்துள்ள 'நரேட்டர்' பேசத் தொடங்கும். இதனால் கற்பவர் முதலிலிருந்தே தாமே கேட்டுச் செய்யலாம்.

2. என்.வி. ஆக்சஸ் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து கோப்பை இறக்கித் திறக்க வேண்டும். என்.வி.டி.ஏ. பேசத் தொடங்கியதும், முன்சொன்ன மூன்று விசைகளை மீண்டும் அழுத்தி நரேட்டரை நிறுத்துக. இல்லையேல் இரு குரல்களும் கலந்து குழப்பும்.

3. டேப் விசையால் நகர்ந்து, உரிம ஒப்புதலை ஸ்பேஸ் விசையால் குறித்து, 'இக்கணினியில் நிறுவுக' என்னும் பொருளுடைய பொத்தானில் என்டர் அழுத்துக. கணினி அனுமதி கேட்டால் இசைவு தருக.

4. இன்சர்ட், கண்ட்ரோல், எஸ் விசைகளை அழுத்தி 'ஈஸ்பீக்' குரலமைப்பைத் தேர்க. பின்னர் இன்சர்ட், கண்ட்ரோல், வி அழுத்தி, குரல் பட்டியலில் தமிழைத் தேர்க.

முதற் பாடம்

இன்சர்ட்டுடன் 1 அழுத்தினால், அதன்பின் தொடும் ஒவ்வொரு விசையின் பெயரும் ஒலிக்கும். வேறு எதுவும் நிகழாது. ஆதலால் தவறு நேருமென்ற அச்சமின்றி விரல்கள் பழகும். மீண்டும் அவ்வாறே அழுத்தினால் இப்பயிற்சி முடியும். கண்ட்ரோல் விசை பேச்சை நிறுத்தும். இன்சர்ட்டுடன் கீழ் அம்பு விசை தொடர்ந்து படிக்கச் செய்யும். இயந்திரக் குரல் முதலில் புரியாமற் போகலாம். வேகத்தைக் குறைத்து வைத்தால் சில நாட்களில் செவி பழகிவிடும்.

தஞ்சாவூரில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி நடைபெறுகிறது. அங்குப் பயின்று, கணினி கையாளத் தெரிந்த இளைஞர் ஊரில் இருப்பின், அவரையே ஆசிரியராகக் கொள்வது நலம்.

பஞ்சாயத்தின் கடமை

மென்பொருளை நிறுவுவதோடு வேலை முடிவதில்லை. தாளைப் படமெடுத்து அனுப்பினால் கணினி அதனை எழுத்தாக அறியாது. பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலேயாம். யூனிகோடில் அடித்தால் மட்டுமே தமிழாக ஒலிக்கும். 2010ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுள்ளது. எனவே கிராம சபைத் தீர்மானங்களையும் கணக்குகளையும் அம்முறையிலேயே எழுதி, கூட்டத்திற்கு முன்பே கோப்பாக அளித்தல் வேண்டும்.

குறுவைக்கு நாற்றுவிடும் முன் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தாமே கேட்டறியும் விவசாயியும், தீர்மானத்தைப் படித்தறிந்தே கை உயர்த்தும் உறுப்பினரும் நம் ஊர்களில் தோன்ற வேண்டும். அதற்கு வேண்டுவது ஒரு கணினியும், ஒரு நாள் உழைப்பும், நமது பொறுமையுமே.